டோக்கன் கொடுக்கும் முன்… வீடு வாங்குவோர் கேள்வி – பதில்

சொந்த வீடு தேடிக்கொண்டிருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் ஆகியவை தமிழ்நாட்டு விகிதப்படி சொல்லப்பட்டுள்ளன. பத்திரம் பதியும் வாரத்தில் பதிவுத் துறை இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கிழக்குத் தாம்பரம் பக்கம் ஒரு பழைய தனி வீடு பார்த்திருக்கிறோம். மனை 1,200 சதுர அடி, கட்டடம் 1,000 சதுர அடி, வயது 18. உரிமையாளர் 95 லட்சம் சொல்கிறார். “நாளைக்கே இன்னொரு பார்ட்டி அட்வான்ஸ் போட வருகிறது” என்கிறார் புரோக்கர். நாங்கள் எவ்வளவு கேட்பது? – வாசகி, சேலையூர்

95-இல் எவ்வளவு குறைக்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்தால், பேரம் அவர் போட்ட கோட்டிலேயே நடக்கும். அந்த எண்ணை மறந்துவிட்டு, மனையைத் தனியாகவும் கட்டடத்தைத் தனியாகவும் கணக்குப் போடுங்கள்.

முதலில் மனை. அதே தெருவிலோ அடுத்த தெருவிலோ காலி மனை என்ன விலைக்குப் போனது என்று தெரிய வேண்டும். வாங்குபவராக விசாரித்தால் கூட்டித்தான் சொல்வார்கள். அதே பகுதியில் இரண்டு புரோக்கர்களிடம் “இங்கே 1,200 சதுர அடி விற்றால் என்ன கிடைக்கும்?” என்று கேளுங்கள், சொல்லும் எண் மாறும். பதிவுத் துறையின் இணையதளத்தில் பக்கத்து சர்வே எண்களுக்கு வில்லங்க விவரம் போட்டுப் பார்த்தால், சமீபத்தில் பதிவான கிரயங்களும் தொகைகளும் தெரியும். பத்திரத்தில் குறைத்துக் காட்டும் பழக்கம் இருப்பதால் அந்தத் தொகையை அடிமட்டமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அரசின் வழிகாட்டி மதிப்பு முத்திரைத் தீர்வை கணக்கிடத்தான், சந்தை விலைக்கு அதை அளவுகோலாக்க வேண்டாம்.

விசாரித்ததில் சதுர அடி 5,000 ரூபாய் என்று தெரிகிறது என வைத்துக்கொள்வோம். மனை 60 லட்சம். அடுத்தது கட்டடம். இன்று புதிதாகக் கட்டச் சதுர அடிக்கு 2,400 என்றால் 1,000 சதுர அடிக்கு 24 லட்சம். கட்டடத்தின் ஆயுளை 60 ஆண்டு எனக் கொண்டால் 18 ஆண்டுக்கு 30 சதவீதம் தேய்மானம். மிச்சம் 16.80 லட்சம். போர்வெல், தண்ணீர்த் தொட்டி, சுற்றுச்சுவர், கேட் எல்லாவற்றுக்கும் சேர்த்து 1.50 லட்சம். மொத்தம் 78.30 லட்சம். இதிலிருந்து உடனே செய்தாக வேண்டிய வேலைகளைக் கழியுங்கள். மாடியில் தட்டோடு பெயர்ந்திருந்து, வயரிங்கும் பழையதாக இருந்து, மேஸ்திரியும் எலெக்ட்ரீஷியனும் சேர்த்து 3 லட்சம் சொன்னால், உங்கள் கணக்கில் வீட்டின் விலை 75.30 லட்சம்.

இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு 73 அல்லது 74-இல் தொடங்கலாம். பள்ளிக்கூடம், ஸ்டேஷன் என்று அந்த இடம் உங்களுக்கு அவசியமானால் 80 வரை போவதிலும் தவறில்லை. ஆனால் அந்த மேல்வரம்பை வீட்டிலேயே குடும்பத்தோடு முடிவு செய்து எழுதி வையுங்கள். பேசும் அறையில் அதை முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் ஏற்றத்தைக் குறையுங்கள்: 74, அடுத்து 76.50, அடுத்து 77.50. ஏற்றும்போதெல்லாம் பதிலுக்கு ஏதாவது ஒன்று கேளுங்கள். குடியிருப்பவரை ஒரு மாதத்தில் காலி செய்து தருவது, ஏசி, இன்வெர்ட்டர், மோட்டாரை விட்டுச் செல்வது, சொத்துவரி பாக்கியை அவரே கட்டுவது, இப்படி. வெறும் கையோடு ஏற்றினால் இன்னும் ஏறுவார்கள் என்றே எதிர்ப்பக்கம் எடுத்துக்கொள்ளும்.

வீடு தெருக்குத்தில் இருந்தாலோ தெற்குப் பார்த்து இருந்தாலோ அதையும் பேச்சில் சொல்லுங்கள். உங்களுக்கு அந்த நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம். நாளை நீங்கள் விற்கும்போது வந்து பார்ப்பவர்களில் பலருக்கு இருக்கும், அதனால் விற்கத் தாமதமாகும் என்பது உண்மை.

“நாளைக்கே பார்ட்டி” என்பதற்கு ஒரே பதில்: “ஆவண நகல்களை இன்று மாலைக்குள் கொடுங்கள், வக்கீல் பார்த்த மறுநாள் நாங்களும் அட்வான்ஸ் போடுகிறோம்.” நகல் கொடுக்கத் தயங்கினால் அந்த அவசரம் யாருடையது என்று புரிந்துவிடும். உண்மையிலேயே வேறு ஒருவர் வாங்கிப் போய்விட்டால் ஒரு வீடுதான் போகிறது. பத்திரம் பார்க்காமல் பணம் போட்டால் சேமிப்பே போகும்.

டோக்கன் எவ்வளவு கொடுப்பது வழக்கம்? வங்கிக் கடன் கிடைக்காமல் போனால் திரும்ப வருமா? – வாசகர், மதுரை

இது எழுதி வாங்கியதைப் பொறுத்தது. வாயால் பேசி ஒரு லட்சம் கொடுத்தவரைவிட, எழுதி வாங்கிக்கொண்டு 25,000 கொடுத்தவர் பாதுகாப்பாக இருக்கிறார். டோக்கன் என்பது ஆவணம் பார்த்து முடிக்கும் வரை விற்பவர் வேறு யாரிடமும் விலை பேசாமல் இருப்பதற்கான தொகை, அவ்வளவுதான். அதற்கு 10,000 முதல் 50,000 வரை போதும். வங்கி வழியாக, உரிமையாளரின் கணக்குக்கே அனுப்புங்கள். புரோக்கரின் கணக்குக்கு வேண்டாம்.

ரசீதில் இப்படி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: “கதவு எண் ……, சர்வே எண் ……-இல் உள்ள 1,200 சதுர அடி மனையையும் அதிலுள்ள வீட்டையும் ரூ.…… லட்சத்துக்கு விலை பேசி, டோக்கனாக ரூ.25,000 வங்கி வழியாகப் பெற்றுக்கொண்டேன். வாங்குபவரின் வக்கீல் ஆவணங்களில் குறை கண்டாலோ, இந்தச் சொத்தின் ஆவணக் குறையால் அல்லது மதிப்பீட்டுக் குறைவால் வங்கி கடன் மறுத்தாலோ, இந்தத் தொகை முழுவதையும் 7 நாளில் திருப்பித் தருகிறேன். இன்று முதல் 21 நாட்களுக்கு வேறு யாரிடமும் விற்பனை பேச மாட்டேன்.” பத்திரத்தில் கணவன், மனைவி இருவர் பெயரும் இருந்தால் இருவருமே கையெழுத்திட வேண்டும். ஒருவர் மட்டும் போட்டுவிட்டு, “வீட்டில் அவர் சம்மதிக்கவில்லை” என்று பின்னால் சொல்வது அடிக்கடி நடக்கிறது.

காரணமே இல்லாமல் நீங்கள் மனம் மாறினால் டோக்கன் போகும், அது நியாயமும்கூட. உங்கள் சம்பளம் போதாமல் வங்கி மறுத்தாலும் விற்பவர் திருப்பித் தரச் சம்மதிக்க மாட்டார். ஆகவே வீடு தேடக் கிளம்பும் முன்பே சம்பளச் சீட்டைக் கொடுத்து, எவ்வளவு கடன் தருவார்கள் என்று வங்கியிடம் எழுத்தில் வாங்கி வைத்துவிடுங்கள். அந்தக் கடிதம் பேரத்திலும் உதவும். விலையில் இரண்டு லட்சம் குறைவாக இருந்தாலும், கடன் தயாராக உள்ளவரையே விற்பவர்கள் பல நேரம் தேர்வு செய்கிறார்கள்.

வக்கீல் சரி என்று சொன்ன பிறகுதான் அக்ரிமென்ட். அட்வான்ஸ் பொதுவாக 10 சதவீதம். தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது 2012 டிசம்பர் முதல் கட்டாயம். 20 ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி நோட்டரி முத்திரை வைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். பதிந்த ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் ஏறும், அதே வீட்டை இன்னொருவரிடம் விற்கப் பார்த்தால் அவர் கண்ணில் படும். பேச்சு முறிந்தால் ரத்துப் பத்திரமும் பதிய வேண்டும் என்பதால் விற்பவர் தயங்குவார். “கெடு முடிந்து, அட்வான்ஸ் திரும்பக் கைக்கு வந்த அன்றே ரத்துக்குக் கையெழுத்துப் போடுகிறோம்” என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொடுத்தால் அந்தத் தயக்கம் தீரும்.

கெடு 90 நாள் வையுங்கள். வக்கீல் கருத்து, மதிப்பீடு, கடன் அனுமதி எல்லாம் முடிய எப்படியும் ஒன்றரை மாதம் ஓடிவிடும். சர்வேயர் அளந்து மனை குறைந்தால் சதுர அடிக்கு எவ்வளவு கழிப்பது என்ற ஷரத்தும் இருக்கட்டும். 1,200 என்று எழுதிய மனை தரையில் 1,140 இருப்பது அபூர்வமல்ல. 60 சதுர அடிக்கு 5,000 வீதம் 3 லட்சம். கிரயத்துக்குப் பிறகு இதைக் கேட்டால் யாரும் தர மாட்டார்கள்.

விற்பவர் இழுத்தடித்தால் கெடு முடியும் முன்பே, “பாக்கித் தொகையோடு தயாராக இருக்கிறோம்” என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். கிரயம் எழுதித் தரச் சொல்லி வழக்குப் போடக் கெடு நாளிலிருந்து 3 ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் நீங்கள் தயாராக இருந்ததற்கு அந்த நோட்டீஸும் கடன் அனுமதிக் கடிதமும்தான் சாட்சி.

30 வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தோம், எதுவும் இல்லை. இது போதாதா? – வாசகர், திருச்சி

போதாது. பதிவு அலுவலகத்தில் பதியப்பட்டது மட்டுமே வில்லங்கச் சான்றில் வரும். பதியாத உயில், வாய்மொழியாக நடந்த பாகப்பிரிவினை, நடந்துகொண்டிருக்கும் வழக்கு, குடியிருப்பவரின் உரிமை, கையெழுத்துப் போடாத வாரிசு, இவற்றில் எதுவும் அதில் தெரியாது. தேடும்போது கொடுத்த சர்வே எண்ணுக்குத்தான் விவரம் வரும். பழைய சர்வே எண் பிற்பாடு உட்பிரிவாகியிருந்தால் பழைய எண், புதிய எண் இரண்டுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். இதைத் தவறவிட்டு “வில்லங்கம் இல்லை” என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய. இணையத்தில் ஏறாத பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து வாங்க வேண்டும்.

அடுத்து தாய்ப் பத்திரம். இப்போதைய உரிமையாளருக்கு யார் விற்றார், அவருக்கு எப்படி வந்தது என்று ஒவ்வொரு பத்திரமாகப் பின்னோக்கிப் போகும்போது சங்கிலி எங்கும் அறுபடக் கூடாது. கிரயத்துக்கு முன் மூலப் பத்திரத்தை நேரில் பாருங்கள், ஜெராக்ஸ் மட்டும் காட்டினால் அசல் எங்கே அடகில் இருக்கிறது என்று கேளுங்கள். “தொலைந்துவிட்டது” என்றால் போலீஸ் புகார், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று, பத்திரிகை அறிவிப்பு மூன்றும் இல்லாமல் நகர வேண்டாம்.

பத்திரத்தின் தபசில் எனும் சொத்து விவரப் பகுதியைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு வீட்டின் முன் நின்று படியுங்கள். “வடக்கே 20 அடி ரோடு, தெற்கே 14-ஆம் எண் மனை, கிழக்கே …” என்று நான்கெல்லை இருக்கும். வடக்கில் ரோடு என்று எழுதியிருக்க, கண்ணெதிரே ரோடு கிழக்கில் இருந்தால் அந்தப் பத்திரம் வேறு மனைக்கு உரியதாக இருக்கலாம். நான்கு பக்க நீளத்தையும் டேப் வைத்து அளந்து, வருவாய்த் துறையின் புலப்படத்தோடு ஒப்பிடுங்கள். பட்டாவில் பெயர், சர்வே எண், பரப்பு மூன்றும் பத்திரத்தோடு பொருந்த வேண்டும். நகர நில அளவை நடந்த ஊர்களில் அதற்கான பதிவேட்டு நகலைக் கேளுங்கள். அளவு சென்டில் எழுதியிருந்தால் 435.6-ஆல் பெருக்கினால் சதுர அடி வரும்.

கோயில் நிலம், அரசுப் புறம்போக்கு என்று பதிவுக்குத் தடையான பட்டியலில் அந்த சர்வே எண் இருக்கிறதா என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். மனைப்பிரிவுக்கு சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் இல்லையென்றால், 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளுக்கு 2017-இல் வந்த வரன்முறைத் திட்டப்படி வாங்கிய உத்தரவைக் காட்டச் சொல்லுங்கள்.

வாரிசுப் பிரச்சினைக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். உயில் இல்லாமல் இறந்த இந்து ஆண் ஒருவரின் சொத்து அவருடைய மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடிருந்தால் தாய் என எல்லோருக்கும் சமமாகப் போகும். கல்யாணமாகிப் போன மகளுக்கும் அதே பங்கு. “தங்கைக்கு நகை போட்டுவிட்டோம், அவர் கேட்க மாட்டார்” என்று அண்ணன்கள் சொல்வது சட்டத்தில் செல்லாது. தாசில்தார் தந்த வாரிசுச் சான்றில் உள்ள ஒவ்வொருவரும் கிரயத்தில் கையெழுத்திட வேண்டும், அல்லது தன் பங்கை விட்டுக்கொடுத்து முன்பே விடுதலைப் பத்திரம் பதிந்திருக்க வேண்டும். வாரிசுகளில் யாராவது 18 வயதுக்குக் கீழே இருந்தால் நீதிமன்ற அனுமதி தேவை. அது இல்லாமல் அம்மா கையெழுத்துப் போட்ட கிரயத்தை, பிள்ளை 18 வயது முடிந்து 3 ஆண்டுக்குள் எதிர்க்கலாம். இந்த ஒன்றில் மட்டும் யார் சொன்னாலும் இறங்கிப் போகாதீர்கள்.

60 லட்சம் வீட்டுக்குக் கையில் எவ்வளவு இருக்க வேண்டும்? 20 சதவீதம் போதும் என்கிறார்கள். – வாசகர், செங்கல்பட்டு

மறுவிற்பனை வீடு என்று வைத்துக் கணக்குப் போடுவோம். ரிசர்வ் வங்கி விதிப்படி, கடன் தொகை 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையானால் சொத்து மதிப்பில் அதிகபட்சம் 80 சதவீதம்தான் தரலாம். அப்படியானால் கடன் 48 லட்சம், கைக்காசு 12 லட்சம். பதிவுச் செலவு இதில் சேராது. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் என்றால் 5.40 லட்சம். புரோக்கர் கமிஷன் 1 சதவீதமானால் 60,000, 2 கேட்டால் 1.20 லட்சம். இதை முதல் வீடு பார்க்கப் போகும்போதே பேசி முடித்துவிடுங்கள். வக்கீல், மதிப்பீட்டாளர், வங்கிப் பரிசீலனைக் கட்டணம், ஆவணங்களை ஒப்படைக்கும்போது வங்கிக்காகப் பதியும் அடமானக் குறிப்பு, வெள்ளையடிப்பு எல்லாம் சேர்ந்தால் 20 லட்சம் இருந்தால்தான் மூச்சுவிட முடியும்.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. வங்கி உங்கள் விலைக்குக் கடன் தராது. பேசிய விலை, தன் மதிப்பீட்டாளர் சொன்ன மதிப்பு, இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் தரும். அவர் 54 லட்சம் என்று எழுதிவிட்டால் கடன் 43.20 லட்சம். பாக்கி 4.80 லட்சத்துக்கு எங்கே போவீர்கள்? அங்கீகாரம் இல்லாமல் எழுப்பிய மாடியை மதிப்பீட்டாளர் கணக்கில் சேர்க்க மாட்டார் என்பதால் இது அடிக்கடி நடக்கிறது. மதிப்பீட்டுக் குறைவையும் டோக்கன் ரசீதில் சேர்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

மாதத் தவணை 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் லட்சத்துக்கு ஏறத்தாழ 868 ரூபாய். 48 லட்சத்துக்கு 41,650 அளவில் வரும்.

புதிய அடுக்ககத்தில் கட்டுநரிடம் முதல் கையாக வாங்கினால் பதிவுச் செலவு குறையும்: 50 லட்சம் வரை மொத்தம் 6 சதவீதம், அதற்கு மேல் 3 கோடி வரை 7 சதவீதம். ஆனால் பணி முடிவுச் சான்று வருவதற்கு முன் வாங்கினால் ஜி.எஸ்.டி. சேரும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் விலையில் 1 சதவீதத்தை விற்பவரின் வரியாக (டி.டி.எஸ்.) பிடித்து அரசுக்குக் கட்டுவது உங்கள் பொறுப்பு. 60 லட்சத்தில் 60,000 பிடித்து 59.40 லட்சம்தான் விற்பவருக்குக் கொடுக்க வேண்டும். இது கூடுதல் செலவல்ல. மறந்தால் வட்டியும் தாமதக் கட்டணமும் உங்கள் தலையில் விழும்.

பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பைக் காட்டிவிட்டு மீதியை ரொக்கமாகத் தரச் சொல்கிறார். எல்லோரும் செய்வதுதானே? – வாசகர், சேலம்

செய்யாதீர்கள். அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தவறு. வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்க முடியும். அது விற்பவர் பாடு என்று நினைத்தாலும் உங்களுக்கு நான்கு நஷ்டம் இருக்கிறது. பேச்சு முறிந்தால் ரொக்கத்தைக் கேட்கக் கையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்காது. பத்திர மதிப்புக்குத்தான் கடன் கிடைக்கும். வருமான வரித் துறை அந்த ரொக்கத்துக்குக் கணக்குக் கேட்கும். பத்து வருஷம் கழித்து நீங்கள் முழு விலைக்கு விற்கும்போது, மறைத்த தொகையும் உங்கள் லாபமாகக் கணக்காகி வரி வரும்.

கோவையில் 1,050 சதுர அடி ஃபிளாட். யு.டி.எஸ். 380 என்கிறார்கள். இது சரியா என்று எப்படிப் பார்ப்பது? – வாசகி, சிங்காநல்லூர்

யு.டி.எஸ். என்பது மனையில் உங்கள் ஃபிளாட்டுக்கு உரிய பிரிபடாத பாகம். கணக்கு எளிது. உங்கள் ஃபிளாட்டின் பரப்பை எல்லா ஃபிளாட்டுகளின் மொத்தப் பரப்பால் வகுத்து, மனைப் பரப்பால் பெருக்குங்கள். உதாரணமாக மனை 4,800 சதுர அடி, 8 ஃபிளாட்டுகளின் மொத்தப் பரப்பு 9,600 என்றால், 1,050-க்கு 525 சதுர அடி பிரிபடாத பாகம் வர வேண்டும். 380 என்றால் 145 சதுர அடி எங்கே போனது? சாலைக்காகத் தானமாக எழுதிக் கொடுத்த இடம் கழிந்திருக்கலாம், அது நியாயம். கட்டுநர் தன் பெயரில் நிறுத்திவைத்து, பின்னால் இன்னொரு மாடி எழுப்பத் திட்டமிட்டிருந்தால் அது அநியாயம். எட்டு வீட்டுப் பாகங்களையும் கூட்டிப் பட்டியலாகத் தரச் சொல்லுங்கள், மனைப் பரப்போடு சரியாக நிற்க வேண்டும்.

1,050 என்பதையும் நம்பி நிற்காதீர்கள். படிக்கட்டு, லிஃப்ட், வராந்தா பங்கெல்லாம் அதில் சேர்ந்திருக்கும். ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, வீட்டுக்குள் பயன்படுத்தும் கார்ப்பெட் பரப்பைத்தான் சொல்ல வேண்டும். உள்சுவர்கள் அதில் சேரும், வெளிச்சுவரும் பால்கனியும் சேராது. கார்ப்பெட் 760 என்றால் 60 லட்சத்துக்கு உண்மையான விலை சதுர அடி 7,895. இரண்டு ஃபிளாட்டுகளை ஒப்பிட இந்த எண்ணைத்தான் பயன்படுத்த வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிலோ 8 வீட்டுக்கு மேலோ கட்டும் திட்டம் ரெராவில் பதிவாகியிருக்க வேண்டும். அப்படிப் பதிந்த திட்டத்தில், ஒப்பந்தம் பதியும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கேட்கக் கூடாது.

25, 30 வயதான ஃபிளாட் வாங்கினால் நீங்கள் வாங்குவது பெரும்பாலும் நிலத்தைத்தான். அங்கே யு.டி.எஸ். குறைந்தால் விலையையும் அந்த அளவுக்குக் குறைத்துக் கேளுங்கள்.

வீட்டை நேரில் பார்க்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? – வாசகர், நாகர்கோவில்

ஒரு முறை பார்த்தால் போதாது. காலையில் ஒருமுறை, இரவு ஏழு மணிக்கு மேல் ஒருமுறை, முடிந்தால் மழை பெய்த மறுநாள் ஒருமுறை. கேட்டில் நின்று தெருவையும் வீட்டுத் தளத்தையும் பாருங்கள். ரோடு போட்டுப் போட்டு உயர்ந்து, வாசல் பள்ளமாகியிருந்தால் மழைத் தண்ணீர் உள்ளேதான் வரும். சுற்றுச்சுவரில் ஒரே மட்டத்தில் கோடு போட்டதுபோல் கறை இருக்கிறதா, தண்ணீர்த் தொட்டி மூடி ரோட்டைவிடத் தாழ்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். பக்கத்துக் கடைக்காரரிடம் “போன மழைக்கு இங்கே எதுவரை தண்ணீர்?” என்று கேட்டால் மறைக்காமல் சொல்வார்.

உள்ளே, எல்லாச் சுவரும் பழசாக இருக்க ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதிய பெயின்ட் என்றால் அதைக் கையால் தொட்டுப் பாருங்கள், ஈரக் குளிர்ச்சி தெரியும். மேல் குளியலறைக்கு நேர் கீழே சீலிங்கையும், சிங்க்குக்கு அடியில் அலமாரியையும் திறந்து பாருங்கள். பூச்சில் மயிரிழை மாதிரி வலைப்பின்னலாக ஓடும் விரிசலால் ஆபத்தில்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, மேலே போகப் போக அகலும் விரிசலென்றால் அஸ்திவாரம் இறங்கியிருக்கலாம். பீமின் அடியில் நீளவாட்டில் விரிசலும் பழுப்புக் கறையும் சேர்ந்திருந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது. கடலோர ஊர்களில் இது சீக்கிரம் வரும். சாவியின் பின்பக்கத்தால் அங்கே லேசாகத் தட்டுங்கள். ‘டொக் டொக்’ என்று வெற்றொலி வந்தால் கான்கிரீட் கம்பியை விட்டுப் பிரிந்திருக்கிறது. ஒரு பொறியாளர் பார்க்காமல் அந்த வீட்டுக்கு விலை சொல்லாதீர்கள்.

மோட்டாரைப் போடச் சொல்லுங்கள். விளக்கு மங்கினால் வயரிங்கோ மின் இணைப்போ பலவீனம். குழாய் வாயில் வெள்ளையாகப் படிந்திருந்தால், சோப்பு நுரைக்காமல் திரிந்தால் கடின நீர். போர்வெல் எத்தனை அடி, ஏப்ரல், மே மாதத்தில் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று வாடகைக்கு இருப்பவரைக் கேளுங்கள். கடைசியாக, அங்கீகரித்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடங்கள். படத்தில் பக்கவாட்டில் 5 அடி விட்டிருக்க, தரையில் 2 அடிதான் இருந்தால் அந்த விதிமீறலும் உங்கள் சொத்தாகத்தான் வரும்.

உரிமையாளர் வெளிநாட்டில். தம்பிக்குப் பவர் கொடுத்திருக்கிறார். வாங்கலாமா? – வாசகர், திருநெல்வேலி

வாங்கலாம். பவர் பத்திரத்தில் விற்கவும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திடவும் அதிகாரம் இருக்கிறதா, அது ரத்தாகவில்லையா என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் விசாரியுங்கள். வெளிநாட்டில் எழுதியதானால் அது இந்தியாவுக்கு வந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியிருக்க வேண்டும். கொடுத்தவர் இறந்த நிமிடமே பவர் செத்துவிடும். ஆகவே கிரய நாளன்று அவர் உயிரோடிருப்பதற்கான சான்றோடு, வீடியோ அழைப்பில் அவரிடமே விலையைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். பணம் அண்ணன் கணக்குக்கே போக வேண்டும். அவர் வெளிநாடுவாழ் இந்தியரானால் 1 சதவீத டி.டி.எஸ். போதாது, பிடிக்க வேண்டிய விகிதம் பல மடங்கு அதிகம். குறைத்துப் பிடித்தால் வருமான வரித் துறை உங்களிடம்தான் வரும். குறைந்த விகிதத்துக்கான சான்றை அவரே வாங்கித் தரும்படி ஒப்பந்தத்தில் எழுதி, ஆடிட்டர் ஒருவரைக் கேட்டபின் பணம் அனுப்புங்கள்.

விற்பவருக்கே வீட்டுக் கடன் பாக்கி இருக்கிறது. அட்வான்ஸை வாங்கி அடைத்துவிடுகிறேன் என்கிறார். – வாசகி, ஈரோடு

அவர் கையில் கொடுக்காமல் அவருடைய கடன் கணக்குக்கே செலுத்துங்கள். அதற்கு முன் அவருடைய வங்கியிடம் இரண்டு கடிதம் வாங்கித் தரச் சொல்லுங்கள்: இன்றைய தேதிக்கு எவ்வளவு பாக்கி, வங்கி வசம் என்னென்ன அசல் பத்திரங்கள் இருக்கின்றன. கடன் அடைந்ததும் வங்கி அடமானத்தை ரத்து செய்து ரசீதுப் பத்திரம் பதிய வேண்டும். அது வில்லங்கத்தில் ஏறியதைப் பார்த்த பிறகே கிரயம். உங்களுக்குக் கடன் தரும் வங்கியும் அதே வங்கியானால் வேலை பாதியாகக் குறையும்.

கிரயம் முடிந்த அன்று சாவியோடு வேறு என்ன வாங்க வேண்டும்? – வாசகர், தஞ்சாவூர்

மூலப் பத்திரம், தாய்ப் பத்திரங்கள், அங்கீகரித்த வரைபடம், சொத்துவரி, தண்ணீர் வரி ரசீதுகள், மின் இணைப்பு அட்டை. வீடு வாடகையில் இருந்தால் வாடகைதாரரின் அட்வான்ஸ் தொகையைக் கிரயத் தொகையிலேயே கழித்துக்கொள்ளுங்கள். மீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுத்து விற்பவருக்கும் அனுப்புங்கள். மனை முழு உட்பிரிவாக இருந்தால் பட்டா பெயர் மாற்றம் தானாகவே நடந்துவிடும். ஒரு பகுதியை மட்டும் வாங்கியிருந்தால் உட்பிரிவுக்கு விண்ணப்பித்து, சர்வேயர் வந்து அளக்கும்போது பக்கத்து மனைக்காரரையும் அழைத்துக் கல் நட்டுவிடுங்கள்.